இன்று நான் போவேன்

ஷிராகுரா, நவம்பர் 28
கொண்டுவருபவர்: காட்டிலாகா ஹிராயாமா

ஹட்சுவே அக்காவுக்கு,

மலைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சுகம்தானா? குளிர் வந்துவிட்டதே, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன்.

நேற்று முதல் பனி விழுந்தது. விடுதி வாசலில் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஈரப் பனி, கையில் பிடித்தால் உருண்டையாகிறது. கராசு கணவாயில் முழங்கால் அளவு இருக்கும் என்கிறார் ஹிராயாமா. இன்று அவர் உங்கள் பக்கம் இறங்குவதால் இதை அவர் பையில் போடுகிறேன். தபாலென்றால் ரயிலில் சுற்றிக்கொண்டு வர நான்கு நாள் ஆகும். அவர் சாயங்காலமே உங்கள் அடுப்பருகில் இருப்பார். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், வைத்துவிட்டுப் போன வழக்கம் இது. மலை ஏறுகிறவர் பையில் நாம் கடிதம் கொடுக்க வேண்டும், ஆள் வந்து சேர்ந்ததும் மறுபக்கத்திலிருந்து அட்டை போட வேண்டும். இதை மட்டும் விட்டுவிட வேண்டாம் அக்கா. அட்டை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இந்த வருடம் பலகையை நான்தான் எழுதுகிறேன். "அந்த மலை வேற யாருக்குத் தெரியும், நீயே எழுது" என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் கோலை ஊன்றி அளக்கிறேன். மண்வெட்டியால் குழி வெட்டி, பனி அடுக்கு அடுக்காக எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு பாதை தொடங்கும் இடத்தில் பலகையில் எழுதிவைக்கிறேன். எத்தனை சென்டிமீட்டர், காற்று எந்தப் பக்கம். கடைசி வரி அவர் எழுதியது போலவேதான். 'இன்று நான் போவேன்' அல்லது 'இன்று நான் போகமாட்டேன்'. ஏறுகிறவர்கள் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார்கள். நான் நான்கு வகுப்புதான் படித்தேன். அந்த வரியை எழுத அது போதும்.

ஒன்று கேட்க வேண்டும். மே மாதம் அவரைப் பனியிலிருந்து எடுத்தபோது கொடுத்த பையை நேற்றுதான் பிரித்தேன். சாப்பாட்டு டப்பாவில் ஒரு பருக்கை இல்லை, கழுவி வைத்தது போல இருக்கிறது. சுற்றிய துணியில் இரட்டை முடிச்சு. இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் ஒரு டப்பா கழுவியதில்லை. பனி உருகின தண்ணீர் அப்படிக் கழுவுமா?

குளிரில் வெளியே அதிகம் நிற்காதீர்கள்.
மிசாவோ


யுனோசாவா, டிசம்பர் 9
தபாலில்

மிசாவோவுக்கு,

உன் கடிதமும் அதைச் சுமந்த ஹிராயாமாவும் நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டும் நனைந்திருந்தன. அட்டை அன்றைக்கே போட்டேன், கிடைத்திருக்கும். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. எனக்கு முன்னால் அது பனியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் சாலை வெட்டும் வேலைக்கு டோக்கியோ போய்விட்டார், வழக்கம் போல ஏப்ரலில்தான் வருவார். இந்த வெந்நீர் ஊற்று விடுதியில் நானும் வருகிற போகிற விருந்தாளிகளும்தான். ஹிராயாமா தொட்டியில் இறங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "என்னய்யா, உள்ளயே வேர் விட்டுட்டீரா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "இன்னும் ஒரு விரல் மட்டும் ஊறல, அக்கா" என்றார்.

இங்கே பதினேழு சென்டிமீட்டர். இந்தப் பக்கத்துப் பாதைக்கு நான் எழுதும் பலகையில் 'போவேன்' என்று எழுதினேன்.

தனியாக இருக்கிறாய் என்று சமைக்காமல் இருக்காதே. முள்ளங்கி ஊறுகாய் ஒரு ஜாடி ரயிலில் அனுப்புகிறேன். மேலே பாரமாக வைத்த கல்லை எடுத்துவிடாதே, இன்னும் ஒரு வாரம் அழுந்தட்டும்.

ஹட்சுவே


ஷிராகுரா, ஜனவரி 4
தபாலில்

அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்களுக்கு நல்லதே நடக்கட்டும். நான் இந்த வருடம் யாருக்கும் வாழ்த்து அட்டை போடவில்லை. துக்கம் இருக்கிற வீட்டிலிருந்து வாழ்த்து போகக் கூடாதே. இது வெறும் கடிதம்.

ஊறுகாய் வந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருத்திக்கு ஒரு ஜாடி அதிகம். அரிசி இடித்துக் கொழுக்கட்டையும் செய்தேன், அவர் படத்துக்கு முன்னால் இரண்டு வைத்தேன். மறுநாள் நானே வாட்டித் தின்றேன்.

வாசலில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். காய்ந்த பனி, வடமேற்குக் காற்று. இதைத் தபாலில் போடக் காரணம், மலை ஏறுகிறவர் யாரும் இல்லை. விடுமுறையில் பதினோரு குழு வந்தது. பதினோரு குழுவும் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனது. சிலர் முணுமுணுத்தார்கள். "செண்டாயிலேர்ந்து ராத்திரி ரயில் ஏறி வந்தோம், அக்கா." "வந்த ரயில் திரும்பவும் போகும், ஏறிக்கோங்க" என்றேன்.

எல்லோரும் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அது போதும்.

டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வேலையில் மறந்திருப்பீர்கள்.

மிசாவோ


யுனோசாவா, ஜனவரி 20
தபாலில்

மிசாவோவுக்கு,

நீ நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நான் கோபமாக இருக்கிறேன்.

நேற்று உன் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஸ்கீயில் சறுக்கி வந்து இறங்கினார்கள். கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பலகையை மீறி வருகிறவர்களிடம் அந்த அம்மா கடிதம் கொடுப்பதில்லை என்றார்கள். பலகையில் என்ன இருந்தது என்றேன். "ரெண்டு மீட்டர் பத்து, புயல் காத்து, போகமாட்டேன். ஆனா அவங்க வாசல்லயே ஒரு மீட்டர்தான் இருந்துது, வழியெல்லாம் பனி கல்லு மாதிரி கெட்டி. பாட்டுப் பாடிக்கிட்டே வந்தோம்." ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "அந்தப் பலகைய யாரோ ஆணி அடிச்சு வெச்சுட்டாங்க போல. நவம்பர்லேர்ந்து ஒரே வரிதானாம்."

உன் கடிதத்தில் தொண்ணூற்றைந்து. பலகையில் இரண்டு மீட்டருக்கு மேல். எனக்கு மட்டும் உண்மை, ஊருக்கெல்லாம் பொய்யா?

நீ ஏன் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஆனால் யோசித்துப் பார். இன்றைக்கு அவர்கள் சிரித்தார்கள். நாளைக்கு நிஜமாகவே போகக்கூடாத நாள் வரும். அன்றைக்கும் பலகையில் இதே வரிதான் இருக்கும். அன்றைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள். அவர்களை எதைச் சொல்லி நிறுத்துவாய்?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஹட்சுவே


ஷிராகுரா, பிப்ரவரி 18
கொண்டுவருபவர்: கடோவாகி, அவர் மனைவி ரிட்சுகோ

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். இப்போதும் நேரமில்லை. வாசலில் இவர்கள், ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீக்கு அடியில் சீல் தோலை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். பலகையை மீறிப் போகிறவர்கள்தான், இருந்தாலும் இன்று இவர்களிடம் கடிதம் கொடுக்கிறேன். இவர் செண்டாயில் தொழிற்சாலையில் கடைசல் வேலை, அந்தப் பெண் டெலிபோன் நிலையத்தில் இருக்கிறாள். இலையுதிர் காலத்தில்தான் கல்யாணம் ஆனதாம்.

பதினான்காம் தேதி மழை பெய்து, அது உறைந்தது. பிறகு இரண்டு நாள் தெளிந்த வானம், கடுங்குளிர். மேல்பனி சர்க்கரை மாதிரி உதிர்ந்துபோயிற்று. நேற்றிலிருந்து அதன்மேல் அறுபது சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது, காற்றும் விடவில்லை. குழி வெட்டி மண்வெட்டியை மெல்லச் சாய்த்தேன். மேல் பனி மொத்தமாக வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது.

இது பலகைக் கணக்கு இல்லை. உங்களுக்கு எழுதும் கணக்கு.

இவர்களிடம் சொன்னேன். கடோவாகி பலகையைப் பார்த்துச் சிரிக்கிறார். "நாங்க டிசம்பர்ல வந்தப்பவும் இதேதான் எழுதியிருந்தீங்க, அக்கா. அன்னிக்குத் திரும்பிப் போனோம், போற வழியெல்லாம் வெயில். லீவும் போச்சு, ரயில் காசும் போச்சு."

கையுறை மாட்டிவிட்டார்கள். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிசாவோ


ஷிராகுரா, பிப்ரவரி 22
தபாலில், அவசரம்

அக்கா,

அவர்கள் வந்தார்களா?

பனிப் பாரத்தில் டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, மூன்று நாளும் விழுந்தது. வாசலில் இப்போது மூன்று மீட்டர் இருக்கிறது, மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே போகிறேன். ஊர் ஆண்கள் எட்டுப் பேர் நேற்று கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ஓடையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது ஓடையில் பனி மொத்தமாகச் சரிந்துவிட்டது என்கிறார்கள். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். போன மார்ச்சில் அன்று நாள் முழுதும் விட்டு விட்டுக் கேட்ட அதே சத்தம்.

அந்தப் பெண் போகும்போது என் வாசலில் தொப்பியை மறந்துவிட்டாள், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். சிவப்புக் கம்பளித் தொப்பி. மறந்தே போயிருக்கக் கூடாதா, அதைத் தேடும் நேரத்தில் மனசு மாறியிருக்குமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு நிற்கிறேன். ஒரு வரி போதும். நல்லதோ கெட்டதோ.

மிசாவோ


யுனோசாவா, பிப்ரவரி 22
தபாலில்

மிசாவோ,

வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். இதைப் படிப்பதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும், ரயில்வே டெலிபோனில் சொல்லச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரை விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன். நேற்று இருட்டும் நேரத்தில் வந்தார்கள். அவர் மூக்கு நுனியில் கொஞ்சம் உறைவு, அவளுக்கு ஒன்றுமில்லை. தலையில் சிவப்புத் தொப்பி.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதாததை அவர்கள் சொன்னார்கள்.

நீ அவர்கள் பின்னாலேயே ஓடினாயாமே! சமையல் ஏப்ரனோடு, பனியில் புதையாமல் இருக்கக் காலில் கட்டும் பனிவளையம் கூட இல்லாமல், இடுப்பு வரை புதைந்து புதைந்து முதல் பாலம் வரைக்கும். அங்கே நின்று கத்தினாயாம்: "நில்லுங்க! மூணு மாசமா நான் எழுதினது பொய். எல்லாமே பொய். யாரும் போகக் கூடாதுன்னு எழுதினேன். இன்னிக்கு எழுதினது ஒண்ணுதான் நெசம்!"

கடோவாகி நம்பவில்லையாம். "பொய் சொன்னவங்க இன்னிக்கு மட்டும் நெசம் சொல்றாங்கன்னு எப்படி நம்பறது?" என்றாராம். அதற்கு அந்தப் பெண், "பொய் சொன்னேன்னு ஒருத்தி பனியில ஓடிவந்து தானா சொல்றா. நீ என்னிக்காச்சும் அப்படிச் சொல்லியிருக்கியா?" என்றாளாம்.

நடுவழியில் தகரக் குடிசை வரைக்கும் காடுதான், அதுவரை போவது, அங்கேயே உட்கார்ந்துவிடுவது என்று பேசி முடித்தார்களாம். மூன்று ராத்திரி. காகிதத்தில் கட்டம் போட்டு ஷோகி சதுரங்கம் ஆடினார்களாம், பதினான்கு ஆட்டத்தில் அவர் பதின்மூன்று தோற்றாராம். இரண்டாம் நாள் காலையில் எதிரே மூன்றாவது ஓடையின் பனி முழுதும் சரிந்து இறங்கியது. குடிசைப் பலகை இடுக்கு வழியாகப் பனித்தூள் உள்ளே வந்து அவர் தேநீரில் விழுந்ததாம். வானம் தெளிந்த பிறகு, சரிந்து வழித்துவிட்டுப் போன கெட்டித் தரையில் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். அவர் குறட்டை என் சமையலறை வரை கேட்கிறது. இத்தனை இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

நீயும் தூங்கு.
ஹட்சுவே


ஷிராகுரா, மார்ச் 5
தபாலில்

அக்காவுக்கு,

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் பஸ் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். ஜன்னலைத் திறந்து, "வந்துட்டாங்க! ரெண்டு பேரும் வந்துட்டாங்க!" என்று கத்தினார். நான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிங்கக்கா, உங்களையும் தோண்டி எடுக்க ஆள் இல்ல" என்றார். சிரித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். போன மார்ச் பதினான்காம் தேதி அவர் பலகையில் 'இன்று நான் போவேன்' என்று எழுதினார். கணவாய் வரை கொடிக் கம்பு நட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். மூன்றாவது ஓடையில் சரிந்தது. மறுநாள் அவர் ஸ்கீயின் நுனி தெரிந்தது, அவர் கிடைக்க மே மாதம் ஆயிற்று. அந்த வரியை நான்தான் துடைத்தேன். தன் எழுத்தை நம்பிப் போனவர் பாதி மலை கூட ஏறவில்லை. அந்த வரியே பொய் என்று தோன்றிவிட்டது. அதை என் கையால் எப்படி எழுதுவேன்?

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி 'போவேன்' என்று எழுதினேன். எழுத்து கோணலாகப் போயிற்று. ஏழு பேர் போனார்கள். ஏழு பேருக்கும் உங்கள் அட்டை வந்துவிட்டது. அடுக்கி அவர் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி முதல் வருட வழிபாடு. ரயிலில் சுற்றியாவது வந்துவிடுங்கள். அவர் டப்பாவையும் பாருங்கள். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

மிசாவோ


யுனோசாவா, மார்ச் 27
தபாலில்

மிசாவோவுக்கு,

வழிபாட்டுக்கு வரவில்லை. முழங்கால் என்று தந்தி அடித்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

டப்பாவைக் கழுவியது நான். முடிச்சுப் போட்டதும் நான்.

உன் புருஷன் அன்றைக்கு இங்கே வந்தான். பதினொரு மணிக்கு, கையில் ஒரு கொடிக் கம்போடு, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். "என்னடா இது!" என்றேன். "பனி அவ்வளவு நல்லா இருக்கு அக்கா. கணவாயோட நிறுத்தலாம்னு பாத்தேன், காலு கேக்கல" என்றான். அடுப்பருகில் உட்கார்ந்து நீ கட்டிக்கொடுத்த சோற்று உருண்டைகளைத் தின்றான். என் சூப்பையும் குடித்தான். உப்பு மீனைப் பார்த்துவிட்டு, "மிசாவோ இதுல பாதி உப்புதான் போடுவா" என்றான்.

பன்னிரண்டரைக்கு எழுந்தான். வெளியே வெயில். அவன் என் பலகையைப் பார்த்தான். 'இன்று நான் போவேன்.' அதைக் காலை ஆறு மணிக்கு எழுதியிருந்தேன், மிசாவோ. விருந்தாளிகள் ஒன்பது பேர், அடுப்பைவிட்டு நகர முடியவில்லை. மத்தியானம் ஒரு தடவை வெளியே போய்க் குழி வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த வரி அப்படியே நின்றது. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த வரிக்கு நேரம் போட்டதே இல்லை.

ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று ஒரு தடவை சொன்னேன். "குளிக்கத் தண்ணி காய வெச்சிருப்பா" என்றான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. சிரித்தேன். "போடா பொண்டாட்டிதாசா, ஓடு" என்றேன். நான் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அட்டை போடவில்லை. அவனே திரும்பி வந்துகொண்டிருந்தானே, அட்டை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

சாவு வீட்டுக்கு வந்தபோது எல்லோரும், காலையில் ஏறும்போதே போய்விட்டான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நான் திருத்தவில்லை. பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்தேன், ஊறுகாயைப் பற்றி எழுதினேன். நீ பாலத்தில் நின்று கத்தினாய் என்று கேட்ட நாளிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

அவன் எழுதியது பொய்யில்லை. காலையில் போவேன் என்று எழுதினான், போனான், வந்து சேர்ந்தான். மத்தியானம்வரை நின்ற என் வரிதான் பொய்.

என்னோடு பேசாதே என்று எழுது. ஆனால் எழுது.

ஹட்சுவே


ஷிராகுரா, ஏப்ரல் 12, காலை ஐந்தே முக்கால்
கொண்டுவருபவர்: மிசாவோ

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவை அடுப்பில் போட எடுத்துக்கொண்டு போனேன். பத்து நாள் உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நிறையத் திட்டினேன், அதையெல்லாம் எழுத எனக்கு எழுத்து போதாது. மூன்றாவது தடவை படித்தபோது, அவர் வயிறு நிறையத் தின்றுவிட்டு, வெயிலில், குளிக்கப்போகிற நினைப்போடு வந்துகொண்டிருந்தார் என்று படித்தேன். ஒரு வருடமாக நான் அவரை ஏறுகிற வழியில், பசியோடு, தன் எழுத்தே தன்னை ஏமாற்றியவராக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் வீட்டுக்கு வருகிற வழியில் இருக்கிறார். தண்ணீர் நிஜமாகவே காய்ந்துகொண்டுதான் இருந்தது.

நீங்கள் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நானும் பலகையில் உண்மையை எழுதியிருக்கலாம்.

வாசலில் ஒரு மீட்டர் நாற்பது. ராத்திரி நன்றாக உறைந்திருக்கிறது, மண்வெட்டி டங்கென்று எகிறுகிறது. காற்று இல்லை. பலகையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'காலை ஒன்பது வரை நான் போவேன்.' ஒன்பதுக்கு வந்து துடைப்பதாக ஹிராயாமா சொல்லியிருக்கிறார். "நீங்களேவா போறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். "எழுதியிருக்கேன்ல" என்றேன்.

இருபத்தாறு வருடமாக அடிவாரத்தில் இருக்கிறேன், கணவாயைத் தாண்டியதில்லை. டப்பாவில் நான்கு உருண்டைகள். இரண்டு உங்களுக்கு.

மிசாவோ


யுனோசாவா, ஏப்ரல் 12
அட்டை

ஷிராகுரா, மிசாவோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தவர் பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். முகம் வெயிலில் சிவந்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினார், பிறகு இரண்டு பேரும் அழுதோம், பிறகு சாப்பிட்டோம். என் மீனில் உப்பு அதிகம் என்கிறார். இப்போது தொட்டியில் இருக்கிறார், எழுந்திருக்க மனசில்லையாம்.

என் பலகையைப் பன்னிரண்டு மணிக்கு நானே போய்த் துடைத்துவிட்டு, 'இன்று இனிமேல் நான் போகமாட்டேன்' என்று எழுதினேன். அவரை இன்றைக்கு விடுவதாக இல்லை. நாளை விடியற்காலையில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்த அட்டை உங்கள் கைக்கு வரும். இருந்தாலும் போடுகிறேன். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஹட்சுவே